பந்து ஆடுகிறவனிடம் பாம்பு கேட்கிறார்கள்

1

நான் மலேசியாவிலிருந்து சென்னைப் பக்கம் ஒரகடத்துக்கு வந்து போன வாரத்தோடு எட்டு வருடம் முடிந்தது. அந்த நாளை எப்படிக் கொண்டாடினாய் என்று மட்டும் கேட்காதீர்கள். விசா புதுப்பிக்கிற இணையதளத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். புகைப்படத்தில் என் காது தெரியவில்லை என்று முதலில் திருப்பி அனுப்பினார்கள். காதைக் காட்டி எடுத்து அனுப்பினால், பின்னால் இருக்கும் சுவர் போதுமான வெள்ளையாக இல்லையாம். அதற்கடுத்த முறை காரணமே சொல்லவில்லை. என் முன்னோர் எந்தக் கிராமத்திலிருந்து கப்பலேறினார் என்பதற்கு ஆதாரம் கொடுத்தால் இந்திய வம்சாவளியினருக்கான அட்டை வாங்கி இந்தத் தொல்லையிலிருந்து தப்பிக்கலாம் என்கிறார்கள். ரப்பர் தோட்டத்துக்குப் பால் மரம் வெட்டக் கப்பலேறிய மனிதர் கையில் ஆதாரத்தை எடுத்துக்கொண்டா ஏறினார்?

கிள்ளானில் உட்கார்ந்து இதைப் படிக்கிற நீங்கள், "அங்கே இருந்து என்னத்தைக் கிழிக்கிறாய், வந்து சேர்" என்பீர்கள். என் வீட்டுக்காரரும் அதையேதான் சொல்கிறார். அவர் ஷா ஆலாமில் பட்டறை வைத்திருக்கிறார். முடிந்தபோது வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போகிறார். நான் இங்கே வாகன உதிரிப்பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்குப் பொறுப்பு. மகள் யாழினி என்னோடு இருக்கிறாள். வந்தபோது பல் விழுந்த சின்னப் பெண். இப்போது நான் சத்தம் போட்டால், "இன்னாமா, ஓவரா சீன் போடுற" என்கிறாள். போன தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது, பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா கேட்ட கேள்விக்கு ஒரு வாக்கியம் சேர்த்துப் பதில் சொல்லத் தெரியாமல் என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. அவளைத் திட்டுவதா என்னைத் திட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை.

என் தமிழும் இங்கே எடுபடுவதில்லை. வந்த புதிதில் காலை ஷிப்டில் எல்லோரிடமும் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்பேன். நம் ஊரில் வீட்டுக்கு வீடு கேட்பதுதானே. இவர்கள் ஏதோ பிச்சைக்காரனைக் கேட்பதுபோல இருக்கிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "டிபன் ஆச்சா" என்று கேட்க வேண்டுமாம். திடல் என்றால் புரியாது, கிரவுண்டு. சரி, பழகிக்கொண்டேன். எட்டு வருடத்தில் எல்லாவற்றுக்கும் பழகிக்கொண்டேன். பழக முடியாத ஒன்றைப் பற்றித்தான் இன்றைக்கு எழுத வந்தேன். வயிற்றெரிச்சலை எங்கேயாவது கொட்ட வேண்டும்.

2

அவன் பெயர் கன்னியப்பன். இருபது வயதுக்குள் இருப்பான். எங்கள் பேக்கிங் பகுதியில் கான்ட்ராக்ட் தொழிலாளி. மணிமங்கலம் தாண்டி ஓர் ஏரிக்கரையில் அவர்கள் ஆட்கள் இருபது முப்பது வீடு போட்டிருக்கிறார்கள். இருளர்கள். நம் ஊர் ஓராங் அஸ்லி மாதிரி என்றால் உங்களுக்குச் சட்டென்று புரியும். எல்லோருக்கும் முன்னால் இந்த மண்ணில் இருந்தவர்கள், இப்போது எல்லோருக்கும் பின்னால் நிற்கிறவர்கள். முந்தைய தலைமுறை வயலில் எலியும் காட்டில் பாம்பும் பிடித்துப் பிழைத்தது. தோலுக்காகப் பாம்பு பிடிப்பதைச் சட்டம் போட்டு நிறுத்தியபிறகு அரிசி ஆலை, செங்கல் சூளை, தோட்டக் காவல் என்று சிதறிப் போனார்கள். கன்னியப்பனின் அப்பா ஏழுமலை ஒரு ரியல் எஸ்டேட் மனைப்பிரிவுக்குக் காவல்.

இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகள் வருடாவருடம் தங்களுக்குள் கால்பந்துப் போட்டி நடத்துகின்றன. மலேசியாக்காரி, அதனால் பந்து தெரிந்திருக்கும் என்று எங்கள் அணியை என் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் தொண்டை கிழியக் கத்துவதும், ஆட்டம் முடிந்ததும் வாழைப்பழம் வாங்கித் தருவதும்தான். ஒருநாள் இடப்பக்கம் ஆட ஆளில்லை. லைன் சூப்பர்வைசர் டில்லிபாபு, "நம்ம கன்னி ஆடுவான் மேடம், வெறுங்கால்ல" என்று இவனைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

எப்படி ஆடினான் என்று எழுத எனக்குத் தெம்பில்லை. எதிரணி ஆள் எந்தப் பக்கம் சாயப் போகிறான் என்பது அவனுக்கே தெரியும் முன்னால் இவனுக்குத் தெரிந்துவிடுகிறது. பந்தைக் கொடுத்துவிட்டுச் சும்மா நிற்கிற மாதிரி இருப்பான், திரும்பிப் பார்த்தால் கோல் கம்பத்தருகே இருப்பான். முதல் ஆட்டத்திலேயே நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

இத்தோடு நின்றால் பரவாயில்லை. சம்பளம் வந்த மறுநாள் ஆளைக் காணாது. குடிப்பான். நான் வாங்கிக் கொடுத்த பூட்ஸை ஒரு கோபத்தில் ஏரியில் வீசிவிட்டு வந்து, அடுத்த வாரம் "சைஸ் சரியில்ல மேடம்" என்று முகத்துக்கு நேரே பொய் சொன்னான். ஆட்டத்துக்கு ஆட்டம் சிவப்பு அட்டை. ஏனென்றால் எதிரணிக்கு வழி தெரிந்துவிட்டது: இவன் பந்தை வாங்கியதும் பக்கத்தில் வந்து நாக்கை நீட்டிப் பாம்பு மாதிரிச் சீறினால் போதும், இவன் பந்தை விட்டுவிட்டு ஆளை அடிக்கப் போய்விடுவான். நானும் சொல்லாத விதமில்லை. கெஞ்சினேன், திட்டினேன், பேசாமல் இருந்து பார்த்தேன். தலையை ஆட்டுவான். அடுத்த ஆட்டத்தில் அதே கதை.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், அவனுக்குப் பாம்பு என்றாலே குலை நடுக்கம். அவன் சித்தப்பா பாம்பு கடித்துத்தான் செத்தார். அன்றைக்கே அவன் அம்மா இனி இந்த வீட்டில் எவனும் பாம்பைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாள். மண்ணூரில் ஒரு ஆட்டத்தின் நடுவே சாரைப்பாம்பு ஒன்று மைதானத்துக்குள் வந்தபோது முதலில் ஓடி வெளியே நின்றவன் இவன்தான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

3

வாலாஜாபாத்தில் நடந்த ஒரு போட்டியில் அரசு நிறுவனம் ஒன்றின் அணிக்கு ஆள் தேடுகிறவர் வந்திருந்தார். அன்றைக்கு என் அதிர்ஷ்டம், யாரும் சீறவில்லை. இவன் முழு ஆட்டமும் ஆடினான். ஆட்டம் முடிந்ததும் அவர் நேராக என்னிடம் வந்து, பயிற்சி ஆட்டக்காரராகச் சேர்த்துக்கொள்கிறோம், தங்குமிடம், சாப்பாடு, சம்பளம், இரண்டு வருடத்தில் நிரந்தர வேலை என்றார். பழங்குடியினருக்கான ஓர் இடம் காலியாக இருக்கிறதாம். சாதிச் சான்றிதழை மட்டும் மாதக் கடைசிக்குள் கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் அடுத்த வருடத்துக்குப் போய்விடும், அடுத்த வருடம் அவர் அங்கே இருப்பாரோ இல்லையோ.

கன்னியப்பனிடம் சொன்னேன். அவன் சந்தோஷப்படுகிற பழக்கமே இல்லாதவன். "நெசமாவா மேடம்" என்று மட்டும் கேட்டான். மறுநாளிலிருந்து குடிக்கவில்லை. ஷிப்டுக்கு நேரத்தோடு வந்தான். டில்லிபாபு என்னிடம் வந்து, பையன் ஆளே மாறிட்டான், எனக்கே பயமா கீது மேடம் என்றான்.

எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. உங்களில் பழைய ஆட்களுக்குத் தியாகு அண்ணனை ஞாபகம் இருக்கும். கிள்ளானில் எங்கள் வரிசை வீட்டில் கடைசி வீடு. மாநில அணிக்குக் கூப்பிட்டார்கள், கையில் இருந்ததோ சிவப்பு ஐ.சி. அடையாள அட்டை. அங்கேயே பிறந்து, அங்கேயே வளர்ந்து, குடியுரிமை மட்டும் இல்லாத மனிதர். பெற்றோர் பதிவு செய்யாமல் விட்டார்கள் என்று அவரை அலைய விட்டு அலைய விட்டு, கடைசியில் அவர் லோரி ஓட்டப் போய்விட்டார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. இவ்வளவு நன்றாக ஆடுகிறவரை ஓர் அட்டைக்காக யாராவது விடுவார்களா என்று அப்பாவிடம் கேட்டதும், அப்பா வானொலியைச் சத்தமாக வைத்ததும் நினைவிருக்கிறது.

இந்த முறை விடக்கூடாது என்று நினைத்தேன். வேறென்ன, எனக்கு விசா வாங்கவே துப்பில்லை, இவனுக்குச் சான்றிதழ் வாங்கித் தரக் கிளம்பினேன்.

4

எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. எழுதி ஆகப் போவதும் ஒன்றுமில்லை. நான், கன்னியப்பன், ஏழுமலை மூவரும் போனோம். ஏழுமலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். காவல் வேலைக்கு அவருக்கு விடுப்பு கிடையாது, மனைவியை நிறுத்திவிட்டு வந்திருந்தார்.

அப்பாவுக்குச் சான்றிதழ் இருக்கிறதா என்றார்கள். இல்லை. தாத்தாவுக்கு? ஏழுமலை சிரித்துவிட்டார், பாவம். ரத்த உறவில் யாருக்காவது? யாருக்கும் இல்லை. யாருக்கும் இல்லாததால் இவனுக்கும் கொடுக்க முடியாது என்றார்கள். யாருக்காவது முதலில் கொடுத்தால்தானே இன்னொருவருக்கு இருக்கும் என்று நான் கேட்டேன். நீங்க யாரு என்று திருப்பிக் கேட்டார்கள். மலேசியா என்றதும் ஒருவருக்கு என் பாஸ்போர்ட்டைப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. அதற்குள் பாதி நாள் போயிற்று. நாளை வாருங்கள், திங்கட்கிழமை வாருங்கள், ஐயா கேம்ப் போயிருக்கிறார். போதும் போதும் என்றாகிவிட்டது.

கடைசியில் ஐயாவைப் பார்த்தோம். கெட்டவராகத் தெரியவில்லை. உட்காரச் சொன்னார், எனக்கு மட்டும் நாற்காலி இருந்தது. பொய்யாகப் பழங்குடி என்று சொல்லிச் சான்றிதழ் வாங்குகிறவர்கள் நிறைய, நான் எதை வைத்து நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கன்னியப்பனைப் பார்த்து, "இருளர்னா பாம்பு புடிக்கத் தெரியணுமே. தெரியுமா?" என்றார்.

"தெரியாது சார். பந்து ஆடுவேன்."

"அப்ப எப்படிப்பா நான் நம்பறது?"

பக்கத்தில் நின்ற எழுத்தர் சிரித்தார். ஐயா சிரிக்கவில்லை, உண்மையாகத்தான் கேட்டார் என்பதுதான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியாத விஷயம். உங்கள் ஜாதியில் நீங்கள் உங்கள் தாத்தா செய்த வேலையைச் செய்து காட்டித்தான் இந்த நாற்காலியில் உட்கார்ந்தீர்களா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. காரியம் ஆக வேண்டுமே. பல்லைக் கடித்துக்கொண்டு, நேரில் வந்து அவர்கள் குடியிருப்பைப் பாருங்கள் சார் என்றேன். ஆள் அனுப்புகிறேன் என்றார்.

வெளியே வந்ததும் இந்த மகானுபாவன் என்ன செய்தான் தெரியுமா? வராந்தாவில் இருந்த குப்பைத் தொட்டியை இடது காலால் ஓர் உதை. அது படிக்கட்டைத் தாண்டிப் பறந்துபோய் நேராக ஐயாவின் ஜீப் கதவில் விழுந்தது. காவலாளி ஓடி வந்து சட்டையைப் பிடித்தான். ஏழுமலை அத்தனை பேர் முன்னால் மகனுக்காகக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடை நான் பார்த்திருக்கவே கூடாது. கதவைச் சரிசெய்து தருகிறேன் என்று நான் சொன்ன பிறகுதான் விட்டார்கள்.

அதோடு கன்னியப்பனைக் காணவில்லை. ஷிப்டுக்கும் இல்லை, வீட்டிலும் இல்லை. நல்ல போதையில் ஏரிக்கரையில் கிடந்தவனை டில்லிபாபுதான் வண்டியில் உட்கார வைத்துக் கொண்டுவந்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். உன் அப்பா கும்பிட்டாரே, உனக்கு வெட்கமில்லையா, ஒரு மாதம், ஒரே ஒரு மாதம் உன் காலைச் சும்மா வைத்திருக்க முடியாதா என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்தும் எனக்கு ஆறவில்லை. யாழினி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த ஆபீசர திட்ட முடியல, அதான அந்த அண்ணன திட்டிக்கினு வந்துருக்க" என்றாள். மலாய் மறந்தாலும் வாய் மட்டும் நன்றாக வளர்ந்திருக்கிறது.

5

குடியிருப்பைப் பார்க்க ஆள் வரவேயில்லை. நான் தொலைபேசியில் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அந்த எழுத்தருக்கு என் குரலே அத்துப்படியாகிவிட்டது. மாதக் கடைசி நெருங்கியது. கடைசி நாளுக்கு முந்தின நாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், எங்கள் ஸ்கிராப் யார்டில் அடுக்கியிருந்த மரப்பலகைகளுக்கு நடுவே நாகப்பாம்பு ஒன்று தலை காட்டியது.

இங்கே ஒரு விஷயத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த அலுவலகத்தில் கன்னியப்பன் இருளன் என்று ஒருவரும் நம்பவில்லை. எங்கள் தொழிற்சாலையில் அதைச் சந்தேகப்பட ஒருவரும் இல்லை. பாம்பு என்ற சத்தம் கேட்ட மறுநிமிடமே நாலு பக்கத்திலிருந்தும் "கன்னிய கூப்பிடு, கன்னிய கூப்பிடு" என்றார்கள். ஹெச்.ஆர். மேலாளர் என்னிடம் வந்து, உங்க பையன் இருக்கானே மேடம், பிறகு என்ன கவலை என்றார். அவனுக்குப் பாம்பு என்றால் பயம் என்று சொன்னேன். அவர் நான் தமாஷ் செய்கிறேன் என்று நினைத்தார்.

லைனிலிருந்து அவனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். யாரோ கையில் ஒரு கோணியையும் வளைந்த கம்பி ஒன்றையும் திணித்தார்கள். டில்லிபாபு போனை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்தான். அவன் முகமெல்லாம் பிரகாசம்.

"மேடம், இத்த வீடியோ எடுத்து அந்த ஆபீசர்கிட்ட காட்டிருவோம். நாளைக்கே சர்டிபிகேட் வந்துரும். சாமியே அனுப்பிச்ச மாதிரி கீது பாருங்க."

டில்லிபாபு நல்லவன். கன்னியப்பனுக்காக அவனும் என்னோடு அலைந்திருக்கிறான். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எத்தனை நாள் அலைச்சல், எத்தனை பேர் முன்னால் பல்லைக் காட்டியிருக்கிறேன், ஒரு பாம்பைக் கோணியில் போட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்றால் போட்டுத் தொலைக்கட்டுமே என்றுதான் ஒரு கணம் தோன்றியது. கன்னியப்பன் என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லாமல் நின்றதையும் பார்த்தான்.

அவன் பலகைகளை நோக்கி நடந்தான். பாம்பு படம் எடுத்தது. அவன் கம்பியை நீட்டினான். எத்தனையோ பேரைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோகிறவனால் அதற்கு மேல் ஓரடி எடுத்து வைக்க முடியவில்லை. சட்டை முழுக்க நனைந்துவிட்டது. "கன்னியப்பா, வந்துடு" என்று கத்தினேன். அதுவரை எங்கே போயிருந்ததோ என் குரல்.

அவன் ஓரடி பின்னால் வந்தான், இன்னோர் அடி. கம்பியையும் கோணியையும் தரையில் வைத்தான். எறியவில்லை, உதைக்கவில்லை, வைத்தான். அவன் எதையும் அப்படி மெதுவாக வைத்து நான் பார்த்ததில்லை. கூட்டத்தில் ஒருவன் சீறினான். கன்னியப்பன் அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை.

தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னார்கள். வண்டி வந்தது. தர்மபுரிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த இளைஞர் ஒருவர் இறங்கினார். எங்கள் செக்யூரிட்டி வழியிலேயே அவர் ஊர், படிப்பு எல்லாம் கேட்டு முடித்துவிட்டார். எங்கள் செக்யூரிட்டியோடு பேசிய பிறகு இங்கே யாருக்கும் யாருடைய ஜாதியும் தெரியாமல் போவதில்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் வந்த இளைஞர் இருளர் இல்லை. நீண்ட இடுக்கி ஒன்றை எடுத்தார், பலகையை நகர்த்தச் சொன்னார், வாலைப் பிடித்தார், டப்பாவுக்குள் விட்டு மூடினார். தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டதற்கு, டிபார்ட்மெண்டில் ஒரு வாரம் பயிற்சி கொடுத்தார்கள் மேடம் என்றார்.

டில்லிபாபு பழக்கதோஷத்தில் அதையும் வீடியோ எடுத்திருந்தான். என்னருகே வந்து போனை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றான். கன்னியப்பனும் வந்தான். அந்தச் சின்னத் திரையில் தீயணைப்புக்காரர் பாம்பைத் தூக்குவதை மூன்று பேரும் பார்த்தோம். அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்கு இருந்தது. நாளைக் காலையிலேயே போய் அந்த ஐயாவின் அறை வாசலில் உட்கார்ந்துவிடுவோம், அவர் கொடுக்கிற வரைக்கும் எழுந்திருக்க வேண்டாம் என்றேன். எனக்கே என் குரல் நம்பும்படி இல்லை.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நன்றாக யோசித்து, நியாயத்தைச் சொல்கிறவன் மாதிரிதான் சொன்னான்.

"அப்போ அந்த அண்ணனுக்கே குடுத்துடச் சொல்லுங்க மேடம், எங்க ஜாதி சர்டிபிகேட்ட."